பணியாரச் சட்டியில் ஒரு கேமரா

ஜனவரி 6, செவ்வாய்

பம்ப் கம்பெனி ஏஜென்ட் கொடுத்த டைரி இது. போன வருடத்து டைரியில் பட்டறைக்கு வரும் எந்த மோட்டாருக்குக் கம்பி எத்தனை சுற்று என்று மட்டும்தான் எழுதினேன். இந்த வருடம் வீட்டு விஷயமும் எழுதலாம் என்று நினைத்தேன். நினைத்த வாரத்திலேயே விஷயம் வந்துவிட்டது.

ஜமீலாவின் கேமரா கெட்டுப்போனது.

ஜமீலா என் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்து அவள் பார்வையின் நடுவில் ஒரு புகை. எதை நேராகப் பார்க்கிறாளோ அதுதான் தெரியாது. கண்ணாடியும் உதவாது, மருந்தும் இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் எறும்பின் காலைக்கூட எண்ணிச் சொல்லிவிடுவாள். நாலடி தள்ளி நின்றால் நானா, அவள் மாமாவா என்று குரலைக் கேட்டுத்தான் சொல்வாள்.

அந்த மாமாதான், என் மச்சான் ஜலால், சார்ஜாவிலிருந்து வரும்போது சோப்பு டப்பா அளவில் ஒரு கேமரா கொண்டுவந்தார். கல்யாணங்களில் படம் எடுத்துச் சலித்து அலமாரியில் கிடந்ததை ஜமீலா எடுத்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைக் கிட்டே இழுத்துப் படம் பிடிப்பாள். பிறகு அந்தத் திரையைக் கண்ணோடு ஒட்டிப் படித்துக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. செல்போன் மட்டும் ஸ்கூலில் ஆகவே ஆகாது. ஹெட்மிஸ்டிரஸிடம் கேட்டதற்கு, "ஒருத்திக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேரு கண்ணு தெரியலன்னு வருவாளுக பாய்" என்றார். கேமராவுக்குச் சம்மதித்தார். அவருக்கு அல்லாஹ் நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும்.

இன்று கணக்கு வகுப்பில் லென்ஸ் வெளியே நீண்டது, திரும்ப உள்ளே போகவில்லை. பாதியில் நிற்கிறது. திரையில் லென்ஸ் எரர் என்று வருகிறது, பிறகு அதுவாக அணைந்துவிடுகிறது. ஜமீலா அழவில்லை. கேமராவைத் துப்பட்டாவில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

ஜனவரி 8, வியாழன்

பரமக்குடியில் இரண்டு கடை. ஒருவன் கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இன்னொருவர் மரியாதையாக, "பாய், இதுக்குப் பார்ட்ஸ் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு. மதுரைக்குப் போனாலும் இதத்தான் சொல்வாக" என்றார். புதிதாக வாங்கலாம் என்றால் இந்த மாதிரிச் சின்னக் கேமரா இப்போது யாரும் வைப்பதில்லையாம். பெரிதாக ஒன்று காட்டினார். அதை வகுப்பில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கல்யாண வீடியோக்காரர் என்று நினைப்பார்கள்.

ஜமீலா இன்று ஸ்கூலுக்குப் போகவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். போர்டு தெரியாமல் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? பக்கத்துப் பிள்ளையின் நோட்டை வாங்கி வாங்கி எழுதுவாள். அந்தப் பிள்ளைக்கும் படிப்பு இருக்கிறதே.

ஜனவரி 10, சனி

வேலை அதிகம். மூன்று மோட்டார் காயில் எரிந்து வந்திருக்கின்றன. கேமராவைப் பார்க்க நேரமே இல்லை.

மத்தியானம் ஜமீலாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பட்டறை வீட்டோடு ஒட்டி இருப்பதில் இது ஒரு சௌகரியம். மீன் குழம்பு. முள்ளை எடுத்து எடுத்து மீனை அவள் தட்டில் வைத்தேன். "அத்தா, எனக்கு முள்ளு எடுக்கத் தெரியும்" என்றாள். தெரியும்தான். இருந்தாலும் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

மாலையில் மெகர் என்னிடம், "ஒங்களுக்கு அது ரிப்பேராவே கெடக்கட்டும்னு இருக்கு" என்றாள். கட்டிய பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? நாளைக்கே பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

செல்போன் கடைத் தம்பியிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்டை இரவல் வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

முப்பது வருடமாக மூன்று ஃபேஸ் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இந்த சோப்பு டப்பா எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். ஸ்க்ரூவின் தலையில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது, அதில் டிரைவர் நுனி உட்கார வேண்டும். எனக்கு அது தெரிகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கை நீளம்தான் போதவில்லை. லைட் சரியில்லை, டிரைவர் மொண்ணை, மெகர் குறுக்கே நடக்கிறாள் என்றெல்லாம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபடியும் குறுக்கே நடந்தாள்.

எப்படியோ மேல்மூடியைக் கழற்றிவிட்டேன். ஜமீலா என் தோளுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்ல வந்தாள். "எனக்கே சொல்றியா?" என்று அடக்கிவிட்டு உள்ளே விரலை விட்டேன். அவ்வளவுதான். பளீர் என்று அடித்ததில் கேமரா மடியில் விழுந்தது, ஸ்க்ரூ டிரைவர் எங்கே போனது என்று தெரியவில்லை.

பேட்டரியைக் கழற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில் இருந்தேன். ஃபிளாஷுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. கரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கெப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன்னால் அதை இறக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

"அத்தா, அம்மா போன்ல ஒரு வீடியோ பாத்தேன். மொதல்ல அதத்தான் டிஸ்சார்ஜ் பண்ணணும்னாக. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் ஜமீலா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டதும் அவள்தான்.

ஜனவரி 12, திங்கள்

கேமராவை டிபன் டப்பாவில் போட்டு பீரோ மேலே வைத்துவிட்டேன். பொங்கல் லீவு முடியட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

கணக்கு டீச்சர் ஸ்டெல்லா போன் செய்தார். "ஏன் பாய் ஜமீலாவ அனுப்பல? பத்தொன்பதாம் தேதியிலருந்து ரிவிஷன். எல்லாம் போர்டுலதான் போடப்போறேன்" என்றார்.

கேமரா விஷயத்தைச் சொன்னேன். வீட்டிலேயே நன்றாகத்தான் படிக்கிறாள் என்றும் சொன்னேன்.

"படிப்பா பாய், அது எனக்குத் தெரியாதா? நான் போர்டுல ஒரு ஸ்டெப்ப தப்பாப் போட்டா, படத்த மூக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டு அவதான் கைய தூக்குவா. மத்ததுக எல்லாம் அப்புடியே எழுதிட்டுப் போயிருங்க. எனக்கு அவ கிளாஸ்ல வேணும் பாய்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. என் பிள்ளை வகுப்பில் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். அவள் அங்கே உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஸ்டெல்லா டீச்சர் நன்றாக இருக்கட்டும்.

ஜனவரி 14, புதன்

பஜ்ருத் தொழுகை முடித்து, டீ குடித்துவிட்டு வெயில் வந்த பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பீரோ மேலே டப்பா இல்லை. முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் ஜமீலா பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். எதிரே கேமரா. பக்கத்தில் மெகரின் குழிப்பணியாரச் சட்டி.

"அது எதுக்கும்மா?"

"ஸ்க்ரூ போட அத்தா. கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்குற குழி மொதக் குழி. அங்கருந்து சுத்திக்கிட்டே போவேன். எது எங்க இருந்துச்சுன்னு தடவுனாலே தெரியும்."

நான் ஸ்க்ரூவை எல்லாம் ஒரே தட்டில்தான் கொட்டுவேன். மோட்டாரில் அது போதும். இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், மாற்றிப் போட்டால் நுனி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் குத்திவிடுமாம். குத்தினால் கேமரா அத்தோடு போச்சு.

நீ செய்ய வேண்டாம், என்னிடம் கொடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இமை முடி கேமராவில் உரசும்படி குனிந்து, டிரைவரை வைத்து, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக் குழியில் போட்டுவிட்டாள். டங் என்று சத்தம் வந்தது. ஒரு தடவைகூட நுனி வழுக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கெப்பாசிட்டரை மட்டும் நான் இறக்கிக் கொடுத்தேன். பட்டறையில் செய்கிற மாதிரியே ஒரு பல்பின் இரண்டு வயரையும் அதன் இரண்டு காலிலும் வைத்தேன். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. என்னை அடித்த பாவத்துக்கு அதை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டு ராக்கம்மா தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டாள். பட்டறைக்கு யாரும் வரவில்லை. நாள் முழுக்க முற்றத்தில்தான் இருந்தேன்.

லென்ஸ் தனியாக வந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய், ஓரத்தில் கடுகு மாதிரி பல் சக்கரங்கள். ஜமீலா அதை என் கையில் கொடுத்து, "எங்க பிடிக்குதுன்னு பாருங்க அத்தா" என்றாள். மோட்டாரில் ரோட்டாரை விரலால் சுற்றிப் பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுற்றினேன். சுற்றி வந்து ஒரே இடத்தில் நிற்கிறது. எங்கே பிடிக்கிறது என்று என் விரல் சொன்னது. எது பிடிக்கிறது என்று அவள் கண் சொன்னது.

சாக்பீஸ். ரோஸ் நிறச் சாக்பீஸ் துணுக்கு, அரிசிக் குருணை அளவுதான். ஸ்டெல்லா டீச்சர் வட்டம் போட்டால் ரோஸ் நிறத்தில்தான் போடுவாராம். முதல் பெஞ்சில் அது மழை மாதிரிக் கொட்டுமாம். ஊசி நுனியால் தட்டி எடுத்தாள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினாள். மறுபடி சுற்றினேன். வெண்ணெயாகச் சுற்றியது.

அவள் தலையில் கை வைத்தேன். "அத்தா, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

இந்த வீட்டில் ஒரு மனிதன் நிம்மதியாக ஜும்மாவுக்குப் போய்வர முடியாது.

நான் பள்ளிவாசலிலும் ஜமீலா குளியலறையிலும் இருந்த நேரத்தில், பரமக்குடியிலிருந்து மெகரின் அக்கா குடும்பத்தோடு வந்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழையும்போதே பணியார வாசனை. நல்ல வாசனையாக இருக்கிறதே என்று நினைத்த மறுகணம் சட்டி ஞாபகம் வந்தது.

"மெகர்! சட்டியில இருந்த ஸ்க்ரூ எங்க?"

"ஏன் கத்துறீக? ஆணி எல்லாத்தையும் பத்திரமா டம்ளர்ல போட்டு வச்சுருக்கேன். ஒண்ணுகூடக் கீழ விழல" என்றாள் பெருமையாக. சட்டியையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

டம்ளரைப் பார்த்தேன். இரண்டு நாள் வேலை ஒரே குவியலாகக் கிடந்தது. நான் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வந்தவர்கள் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதா வேண்டாமா என்று முழித்தார்கள். விஷயம் புரிந்ததும் மெகருக்கு முகம் செத்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜமீலா வந்து டம்ளரை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பாத்துக்கலாம்மா. மொதல்ல எனக்குப் பணியாரம் தா" என்றாள். இந்தப் பொறுமை அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை. நானும் ஏழு பணியாரம் சாப்பிட்டேன். பணியாரத்தின் மேல் எனக்கு என்ன கோபம்?

ஜனவரி 17, சனி

நான் விட்டுவிடலாம் என்றேன். தவறான ஓட்டையில் ஒரு நீள ஸ்க்ரூ போனால் முடிந்தது. லென்ஸ் சரியானதே அல்லாஹ் கொடுத்த சந்தோஷம், இதற்குமேல் ஆசைப்பட வேண்டாம் என்றேன்.

ஜமீலா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். அதை ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலும் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறதோ அந்த அளவுக்கு நகத்தால் கிள்ளினாள். கிள்ளிய துண்டைத் தட்டில் வைத்து, அதே நீளமுள்ள ஸ்க்ரூவைத் தேடி ஜோடி சேர்த்தாள். எல்லாம் மூக்கு நுனியில் நடந்தது. ஒரே நீளமாக இருந்தவற்றைக் கறுப்பா வெள்ளையா, மரை நெருக்கமா அகலமா என்று பிரித்தாள். என் கண்ணுக்கு எல்லாமே சீரகம் மாதிரித்தான் இருந்தன. இதை எழுதுகிறேனே தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மெகர் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை.

எல்லா ஓட்டையும் முடிந்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம். எங்கே விட்டோம், எங்கே விட்டோம் என்று ஆரம்பத்திலிருந்து தேடினோம். ஜமீலா எல்லா ஓட்டையையும் மறுபடி தடவிப் பார்த்தாள், காலி இல்லை. கடைசியில் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவள், "அம்மா, ஒன் காதக் காட்டு" என்றாள். மெகரின் கம்மல் திருகாணி. தோடு தொங்கிக்கொண்டிருந்தது, திருகாணியைக் காணோம். சட்டியைக் கவிழ்க்கும்போது டம்ளருக்குள் விழுந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நேற்றிலிருந்து தலை குனிந்திருந்த மெகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பேட்டரியைப் போட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். கீச் என்று ஒரு சத்தம். லென்ஸ் வெளியே வந்தது. திரும்ப அழுத்தினாள், உள்ளே போனது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அல்லாஹ்வே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! இந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்தாய். அவள் கையில் இந்தத் திறமையை வைத்தாய். நான் அதைப் பார்க்கவேண்டும் என்று என் கையில் கரண்டையும் அடித்து ஒதுக்கி உட்கார வைத்தாய்.

ஜனவரி 18, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் ஜமீலா, "நாளைக்கு நான் பஸ்ல போறேன் அத்தா" என்றாள்.

"தெனமும் நான் பைக்குல கொண்டுபோயி விடுறப்ப பஸ்ஸு எதுக்கு?"

"பஸ் போர்ட கேமராலயே படிச்சிருவேன். ரோட்டையும் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் தாண்டுவேன். தெருமுனைல நின்னு நேத்தே பழகிட்டேன்."

மெகர் இரண்டாவது கரண்டி ரசம் ஊற்றிவிட்டு என்னையே பார்த்தாள். ரசம் சூடாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. சரி என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

ஜமீலா பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போனாள்.

எனக்கு இன்று, அவள் ஸ்கூல் இருக்கிற இளையான்குடியில் காப்பர் வயர் வாங்க வேண்டியிருந்தது. காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. போய்ப் பார்த்தால் கடை இன்னும் திறக்கவில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தேன்.

தற்செயலாக ஜமீலா வந்த பஸ்ஸும் அப்போதுதான் வந்தது. இறங்கி ரோட்டோரம் நின்றாள். கேமராவைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். நேராகவும் ஒரு தடவை தூக்கினாள். கரும்பு லாரி ஒன்று போனது. என் கால் தானாக இரண்டடி எடுத்துவைத்தது. அதற்குள் அவள் ரோட்டைத் தாண்டி ஸ்கூல் கேட்டுக்குள் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். காப்பர் வயர் வாங்க மறந்துவிட்டது.

மாலையில் வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினாள். பஸ் போர்டு. கரும்பலகை நிறையக் கணக்கு. ரோஸ் நிற வட்டம். ஸ்டெல்லா டீச்சர் வகுப்பு முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"இதப் பாருங்க அத்தா" என்று இன்னொன்றைக் காட்டினாள்.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். டீக்கடை. வாசலில் தொங்கும் பேனர். பேனருக்குப் பின்னால், மடித்துக் கட்டிய கைலியோடு ஒரு ஆள், பாதி உடம்பு மறைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு. ஒரு கை நெஞ்சில். மற்ற கையில் இருந்த டீ கிளாஸ் சாய்ந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு அது தெரியவில்லை.

"யாருன்னு தெரியலயே" என்றேன்.

"எனக்குத் தெரியுது" என்றாள் ஜமீலா.

கேமராவை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "தூரத்துல நிக்கும்போது நீங்க எப்புடி இருப்பீங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. தெனமும் இவ்ளோ பயந்துக்கிட்டா அத்தா இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். ஒன்பது வயதிலிருந்து என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தப் படத்தை அழித்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டாளாம்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையிலேயே பட்டறையைத் திறந்துவிட்டேன். ஜமீலா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அத்தா" என்றாள். "போயிட்டு வாம்மா" என்றேன். எழுந்திருக்கவில்லை. காயில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பஸ் போகிற சத்தம் கேட்டது. எதில் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ்.